ஒட்டி பார்க்கப் போனவர்கள்

2024 அக்டோபர் 8, செவ்வாய்

இன்றும் வெயில் ஏறமுன் கல்லுக்குப் போய்விட்டோம். என்னோடு ஆய்வு நிலையத்தில் வேலை செய்கிற நுஸ்ரா ஓட்டமாவடியிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். மாங்கேணியில் என் வாடகை அறை வாசலில் நின்று ஹோர்ன் அடிப்பாள். நான் பின்னால் ஏறிக்கொள்வேன். கதிரவெளி தாண்டினால், கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக்கிடக்கிற கற்பாறை. எங்கள் வேலை அதில்தான்.

அங்கே நாங்கள் பார்க்கிற உயிருக்குப் புத்தகத்தில் லிம்பெட் என்று பேர். ஊரில் கேட்டால் "கல்லில கிடக்கிற மட்டி" என்பார்கள், அவ்வளவுதான். நாங்கள் இருவரும் 'ஒட்டி' என்று பேர் வைத்துக்கொண்டோம். கூம்பு மூடியைக் கவிழ்த்தது மாதிரி ஒற்றை ஓடு, அடியில் ஒரு பாதம். அந்தப் பாதத்தால் கல்லைப் பிடித்தால் பிடித்ததுதான். நெம்பினால் ஓடு உடையுமே தவிர விடாது. வெயிலில் அசையவே அசையாது. உள்ளே இருக்கிற கொஞ்சத் தண்ணீரைக் காப்பாற்றிக்கொண்டு கிடக்கும். தண்ணீர் ஏறி நனைக்கும்போதுதான் ஓட்டை இலேசாகத் தூக்கிக்கொண்டு நகரும். கல்லில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்றுவிட்டு, தண்ணீர் வற்றமுன் தன் இடத்துக்கே திரும்பும். அந்த இடத்தில் கல்லே தேய்ந்து அதன் ஓட்டின் விளிம்புக்குப் பொருத்தமாக ஒரு தழும்பு விழுந்திருக்கும். இன்னொன்று வந்து குந்தினால் பொருந்தாது.

அடையாளம் வைக்க ஓட்டில் கியூட்டெக்ஸ் பூசுகிறோம். கடைக்காரி கேட்டாளாம், வீட்டில கலியாணமா என்று. "தொழுற பொம்பிள, நகத்துல ஒரு நாளும் பூசினதில்ல. இவ்வளவு கலர் வாங்கின நான்தான் கா" என்று நுஸ்ரா சிரித்துக்கொண்டே இருந்தாள்.

2024 நவம்பர் 3, ஞாயிறு

ஞாயிறு என்றும் பார்க்காமல் வந்து நின்றாள். பச்சை அடையாளம் போட்ட ஒட்டி ஒன்று போன வழியால் திரும்பவில்லையாம், வேறு பாதையால் சுற்றி வந்து சரியாகத் தன் தழும்பில் இருந்ததாம். "அப்ப தான் விட்ட வழுவழுப்பைப் பிடிச்சு மட்டும் வரல்ல. மறுகா எதை வச்சு வருது?" அவளுக்கு அதுதான் கேள்வி. நேற்று முழுக்க அவள் வீட்டில் இதையேதான் கதைத்தாளாம். தங்கச்சி ஷஸ்னா, "உனக்கு மாப்பிளை பாக்கிறதைவிட அந்த மட்டிக்குப் பார்க்கலாம்" என்றாளாம்.

எனக்கு இது சம்பளம் வருகிற வேலை. அவளுக்கு அப்படியில்லை. மேல்படிப்புக்கு இதையே எடுக்கப்போகிறாள். சொந்தக்காரர் எல்லாரும் பெண்பிள்ளை கடற்கரையில் படுத்துக்கிடக்கிறாள் என்று கதை கட்டியபோது, அவளுடைய வாப்பா அப்துல் மஜீத் ஒருவர்தான் "அவ படிச்சதுக்கு வேல செய்றா, போகட்டும்" என்று சொன்னவர். சந்தியில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். என்னைக் கண்டாலும் மகள் என்றுதான் கூப்பிடுவார்.

2024 நவம்பர் 15, வெள்ளி

ஜெயராஜா சேர் வந்து பார்த்துவிட்டுப் போனார். எங்கள் ஆய்வு நிலையத்துக்கு அவர்தான் பொறுப்பு. நல்ல மனுஷன், நாங்கள் இருவரும் பெண்பிள்ளைகள் என்று ஒருபோதும் தாழ்த்திப் பேசியதில்லை. லைஃப் ஜாக்கெட் கேட்டோம். "எழுதிப் போட்டிருக்கன், அடுத்த மாசம் வரும்" என்றார். போன மாசமும் அதையேதான் சொன்னார்.

2024 நவம்பர் 27, புதன்

மழை. பனிச்சங்கேணிப் பக்கம் ரோட்டுக்கு மேலால் தண்ணீர். மூன்றாம் நாளாக வேலையில்லை. கூரையில் ஒழுக்கு. கடல் இரையிற சத்தம் அறைக்குள் கேட்கிறது.

2024 டிசம்பர் 12, வியாழன்

சேர் போன் எடுத்தார். நுஸ்ரா பக்கத்தில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

சனிக்கிழமை போயா, பௌர்ணமி, தண்ணீர் நன்றாக ஏறும், ஆய்வுக்குக் காசு தருகிறவர்கள் மாரிகால அவதானம் எங்கே என்று கேட்கிறார்கள் என்றார். "அலை அடிக்கேக்க இதுகள் என்ன செய்யுது எண்டு இல்லாட்டி இந்த அறிக்கைக்குப் பெறுமதியில்ல. ரெண்டு பேரும் ஒருக்காப் போய்ப் பாருங்கோ."

"லீவு நாள் சேர். கடலும் பெரிசாக் கிடக்கு" என்றேன்.

"ஓரத்தில நிண்டு பாருங்கோ. ஒண்டும் ஆகாது."

நான் போக விருப்பமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நுஸ்ரா கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, "ஓம் சேர், போறம்" என்றாள். அவளுக்கும் பார்க்கவேண்டும் என்று ஆசை. சொல்லத்தான் வேண்டும், ஆசை இருந்தது. ஆனால் போகச் சொன்னது அவர்.

2024 டிசம்பர் 14, சனி

நுஸ்ரா இல்லை.

2024 டிசம்பர் 16, திங்கள்

எழுதாவிட்டால் எனக்கு விசர் பிடிக்கும்.

விடிய மழை விட்டிருந்தது. கடல் சாம்பல் நிறமாக எழும்பி எழும்பி விழுந்தது. சேர் சொன்ன மாதிரி ஓரத்தில்தான் நின்றோம். ஓரத்தில் நின்றால் நுரையைத் தவிர ஒன்றும் தெரியாது — அது அவருக்கும் தெரிந்திருக்கும்தானே? ஒட்டி நகருவது அலை கழுவுகிற இடத்தில். அதைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த அலைக்குள்ளேதான் போகவேண்டும். இதற்கு வேறு வழி கிடையாது.

அவள் முன்னுக்குப் போய் வயிற்றில் படுத்தாள். அலை வந்து வடிகிற இடைவெளியில் கல்லோடு கண்ணை வைத்துப் பார்த்தாள். நான் பின்னால் நின்று "காணும், போதும் வா" என்றேன். "பொறு கா. நகருது. இந்த அலைக்குள்ளயும் நகருது!" அலை வரும்போது நின்று இறுக்கிப் பிடிக்குதாம், வடிந்ததும் கொஞ்சம் போகுதாம், திரும்பவும் பிடிக்குதாம். தலையைத் திருப்பிச் சிரித்தாள். முகமெல்லாம் தண்ணீர்.

அடுத்த அலை பெரிது. நான் குந்திவிட்டேன். வடியும்போது அவள் கல்லில் வழுக்கிக்கொண்டு போனாள். எட்டிப் பிடித்தேன். துணிதான் கையில் வந்தது. இழுத்தேன். இழுத்தேன்தானே? அவள் முந்தானை — தலைத்துணி — அது மட்டும் என் கையில் இருந்தது. அவள் இல்லை.

நான் கத்தினேன். கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்த கோணாமலை அண்ணன் ஓடி வந்தார். தோணி இறக்க ஏலாத கடல். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பாய்ந்தார். கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நானும் இன்னும் யார் யாரோவும் நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கொண்டுவந்தார். தலையில் ஒரு பக்கம் கல் அடித்திருந்தது.

"மூச்சு இருக்கா அண்ணன்?"

"பிள்ளைட தலையை மூடி விடு மகள், சனம் வருது" என்றார். நனைந்த அந்தத் துணி என் கையிலேயே இருந்தது. அதால் மூடினேன்.

பின்னேரம்.

மிச்சத்தையும் எழுதவேண்டும்.

ஆஸ்பத்திரியில் பொலிஸ், மரண விசாரணை அதிகாரி எல்லாரும் வந்துவிட்டார்கள். வெளியே மரத்தடியில் வாப்பா. அசர் தொழுகைக்கு முன் மையத்தை எடுத்து அடக்கவேண்டும், கெதியா முடித்துத் தாருங்கள் என்று பள்ளிவாசல் ஆட்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். சேர் காரில் வந்து என் பக்கத்தில் நின்றார். பொலிஸ்காரர் என்னிடம் கேட்கமுன் அவர் சொன்னார்: "போயாவுக்கு எங்களுக்கு லீவு. ஒருத்தரும் அனுப்பேல்ல. பிள்ளைகள் ஆர்வத்தில தாங்களாப் போயிருக்கினம். அப்பிடித்தானே கேதீஸ்வரி?"

பொலிஸ்காரர் பேனையோடு என்னைப் பார்த்தார்.

நான் ஓம் என்றேன்.

என் உடுப்பு காயவில்லை. கையெழுத்து வைத்த கடதாசியும் நனைந்தது. மையத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

2024 டிசம்பர் 22, ஞாயிறு

அம்மா தேற்றாத்தீவிலிருந்து வந்து என்னோடு இருக்கிறா. இன்று அவவோடு ஓட்டமாவடிக்குப் போனேன். உம்மா சுவரோடு சாய்ந்திருந்தார். என் கையைப் பிடித்தார். ஷஸ்னா எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

வெளியே வரும்போது வாப்பா கேற்றடியில் நின்றார்.

"மகள், அவ அண்டைக்கு வேலைக்குத்தானே வந்த?"

"ஓம் வாப்பா."

"பொலிசில அப்பிடிச் சொல்லல்லியாமே."

நான் நிலத்தைப் பார்த்தேன். அம்மா என் தோளைப் பிடித்து ஓட்டோவில் ஏற்றினா.

2025 ஜனவரி 9, வியாழன்

நிலையத்துக்குப் போகிறேன், வருகிறேன். கல்லுக்குப் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நுஸ்ராவின் கதிரையில் பிரிண்டரை வைத்துவிட்டார்கள்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

ஷஸ்னா போன் எடுத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நல்லது.

லீவு நாளில், மழைக்கால விடியக்காலையில, ஒரு குமர்ப்பிள்ளைக்குக் கடற்கரையில் என்ன சோலி என்று சனம் கதைக்குதாம். யாரையோ சந்திக்கப் போனாளாம். இல்லை, தானாகத்தான் பாய்ந்தாளாம். கதிரவெளியிலும் அதே கதைதான், வேற வேற வாயால். தற்கொலை என்று ஒருத்தன் பள்ளி வாசலில் வைத்தே சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு வாப்பா கடையைத் திறக்கவில்லையாம். ஷஸ்னாவைக் கேட்டு வந்த மாப்பிளை வீட்டாரும் கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"எனக்குக் கலியாணம் நிண்டது பரவாயில்ல ராத்தா. எங்கட ராத்தா பாய்ஞ்சு மௌத்தாகின எண்டு சொல்றாங்க. அதுதான் வாப்பாவுக்குத் தாங்க ஏலாம இரிக்கி. நீங்க அவவோட நிண்டீங்க. அவ தானாவா போன?"

அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி என்னையும் ராத்தா என்கிறாள். நான் சொன்னேன்: இல்லை. சேர் அனுப்பினவர்.

"அப்ப ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

ஏன்? பயமா? ஈர உடுப்பா? அவர் கேட்ட விதமா? வாப்பா வெளியில் காத்துக்கொண்டு நின்றதாலா? எல்லாம்தான், ஒன்றுமேயில்லைத்தான். ஒரு சொல். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு கதையும் ஏறியிருக்கு. வேலை இல்லாத நாளில் போனவள் என்று ஆக்கினது நான்தானே.

2025 ஜனவரி 21, செவ்வாய்

சேரிடம் போய், நான் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். கதவைச் சாத்தினார். கோபப்படுவார் என்று நினைத்துப் போனேன். அழுதுவிட்டார்.

"எனக்கு நித்திரை இல்ல பிள்ளை. நான் அவளைக் கொல்ல அனுப்பினதா? இதைச் சொன்னா நிலையத்தை இழுத்து மூடுவாங்கள். இஞ்ச வேலை செய்யிற எல்லாரும் தெருவில. அந்தப் பிள்ளை திரும்பி வரவா போகுது?"

"வராது சேர். ஆனா அவள் பாய்ஞ்சவள் எண்டு கதைக்கிறாங்கள்."

"சனம் நாலு நாளைக்குக் கதைக்கும். பிறகு மறந்திடும்."

அவர் சொன்னதில் பாதி சரிதான். மறந்துவிடும் சனம். வாப்பா?

2025 பெப்ரவரி 2, ஞாயிறு

அம்மா: "பொலிசில ஒருக்காச் சொன்னதை மாத்தாத மனே. உன்னைப் பிடிச்சு உள்ள போடுவாங்கள். உனக்கெண்டு ஆர் இருக்கா?"

எனக்கென்று அம்மா இருக்கிறா. அதனால்தான் பயமாகக் கிடக்கு.

2025 பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தினம். பஸ்சில் கொடி. லீவு நாள்தானே என்று யாரோ சொன்னார்கள். இறங்கி வாய்க்காலோரமாக நடந்தேன்.

2025 பெப்ரவரி 6, வியாழன்

பொலிசுக்குப் போனேன். தனியாகத்தான். அங்கே பெரிய அதிகாரி நான் சொல்லச் சொல்ல எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "முதல் சொன்னது பொய் எண்டா அதுக்கே உம்மில வழக்குப் போடலாம், தெரியுமா?" தெரியும் என்றேன். லைஃப் ஜாக்கெட் கேட்டதையும் சொன்னேன். சேர் போனில் சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னேன். நுஸ்ராவும் ஓம் என்றதை மறைக்கவில்லை. அதை ஏன் மறைக்க? வேலை என்று சொல்லி அனுப்பினால் யார்தான் போகமாட்டோம் என்பார்கள்.

2025 பெப்ரவரி 20, வியாழன்

கோட்டில், சாட்சிக் கூண்டில் நின்றேன்.

நிலையத்தின் லோயர் எழும்பி, "அப்ப அண்டைக்குப் பொலிசுக்குப் பொய் சொன்னீர். இண்டைக்குச் சொல்லுறது மட்டும் உண்மை எண்டு இந்த மன்று எப்பிடி நம்புறது?" என்றார்.

"அண்டைக்குப் பொய் சொல்ல எனக்கு ஒரு சொல் போதுமாயிருந்தது ஐயா. இண்டைக்கு நடந்தது முழுக்கச் சொல்லுறன்."

சொன்னேன். ஒட்டி எப்போது நகரும், அதைப் பார்க்க எங்கே நிற்கவேண்டும் என்றும் சொன்னேன். நீதவான் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்படியென்றால் கரை ஓரத்தில் நின்று அந்த வேலையைச் செய்ய முடியாதா?" முடியாது ஐயா. "அனுப்பியவருக்கு அது தெரியுமா?" அவர்தான் எங்களுக்குப் படிப்பித்தவர் ஐயா.

சேரைக் கேட்டார்கள். போன் எடுத்தது உண்மை, போகச் சொன்னதாக ஞாபகம் இல்லை என்றார். என்னைப் பார்க்கவில்லை.

வாப்பா கடைசி வரிசை வாங்கில் இருந்தார். தாடி வளர்ந்து ஆளே மெலிந்துபோனார். வெளியில் வந்து எனக்கு நேரே நின்றார்.

"இத அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே மகள்."

குடையை விரித்துக்கொண்டு நடந்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

2025 மார்ச் 3, திங்கள்

எனக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லை. அறையைக் காலி செய்துவிட்டு அம்மாவோடு தேற்றாத்தீவுக்கு வந்துவிட்டேன். சாமான் ஒரு பைதான்.

2025 மார்ச் 31, திங்கள்

நோன்புப் பெருநாள். ஷஸ்னாவுக்கு மெசேஜ் அனுப்பினேன். பார்த்திருக்கிறாள். பதில் இல்லை.

2025 ஏப்ரல் 18, வெள்ளி

களுவாஞ்சிகுடியில் ஒரு பாமசியில் வேலை. குளிசை எண்ணிக் கொடுக்கிறேன். ஒரு மனுஷன் தலையிடி மருந்து வாங்கிக்கொண்டு போகும்போது, "நீங்கதானே அந்தக் கோட்டுப் பிள்ளை?" என்றார். ஓம் என்றேன். இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளின் குளிசையை இரண்டு தரம் எண்ணினேன்.

2025 மே 23, வெள்ளி

தீர்ப்பு வந்தது. பணிக்காகச் சென்ற இடத்தில் ஏற்பட்ட விபத்து மரணம், பாதுகாப்பு ஏற்பாடு இல்லை, நிலையத்தின் மீது மேலதிக விசாரணை. சேர் வேலையை விட்டுவிட்டாராம். என்மேல் வழக்குப் போடவில்லை, எச்சரித்ததோடு சரி.

சந்தோஷம் வரும் என்று எங்கேயோ ஒரு மூலையில் நினைத்திருந்தேன்போல. வரவில்லை.

2025 ஜூன் 19, வியாழன்

ஷஸ்னா எடுத்தாள். "வாப்பா அந்தக் கல்லப் பாக்கணுமாம். நீங்க கூட்டிப் போவீங்களா எண்டு கேக்கச் சொன்னார்."

2025 ஜூன் 22, ஞாயிறு

போனோம். நான், வாப்பா, ஷஸ்னா. வாகரை தாண்டும்போது ஓட்டோவில் ஷஸ்னா என் காதோடு, கடை திறந்துவிட்டது என்றாள். சனம் வருகிறதா என்று நான் கேட்கவில்லை.

கடல் குளம் மாதிரிக் கிடந்தது. இந்தக் கடலா என்று அவர் நினைத்திருப்பார். செருப்பைக் கரையில் கழற்றி வைத்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். அவள் படுத்திருந்த இடத்தைக் காட்டினேன். அதற்குப் பக்கத்தில் குந்தினார். நானும் ஷஸ்னாவும் பின்னால் நின்றோம்.

தண்ணீர் ஏறும்வரை காத்திருந்தோம். மெல்ல ஏறியது. கல்லின் மடிப்புகளில் புகுந்து நனைத்தது. முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒன்று ஓட்டைத் தூக்கியது. நான் விரலால் காட்டினேன். அவர் குனிந்தார்.

"இதா?"

"ஓம் வாப்பா."

அப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கா என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

"எங்க போகுது?"

"பாசி தின்னப் போகுது."

"மறுகா?"

"திரும்பித் தன்ட இடத்துக்கு வரும்."

"எல்லாமே வருமா?"

"பெரும்பாலும் வரும், வாப்பா."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திரும்பவும் குனிந்துகொண்டார். நெடுநேரம் பார்த்தார். அது அவருடைய விரலடியால் ஊர்ந்து போனது, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும்.

"இதப் பாக்கவா என்ட புள்ளைய அந்தக் கடலுக்க அனுப்பினாங்க?"

"ஓம் வாப்பா. இதுக்குத்தான்."

"எழுதி முடிச்சாச்சா, இந்த ஆராய்ச்சி?"

"இல்ல. நிப்பாட்டிட்டாங்க."

ஷஸ்னா கடலைப் பார்த்துக்கொண்டு வாயைப் பொத்தினாள். வாப்பா கையை ஊன்றி எழும்பினார். நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தார்.

"லுஹர் தொழுகைக்கு நேரமாகிற்று" என்றார்.

தண்ணீர் நன்றாக ஏறிவிட்டிருந்தது. கல்லெல்லாம் ஒட்டிகள் நகரத் தொடங்கியிருந்தன. அவர் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து, ஒன்றையும் மிதித்துவிடாமல் கால் வைத்துக் கரைக்கு நடந்தார்.